அக்காவின் வயது ஐம்பத்தொன்று

என் அக்கா இறந்தபோது அவளுக்கு ஐம்பத்தொரு வயது. அவளுடைய இறப்புச் சான்றிதழில் ஐம்பத்தெட்டு என்று அச்சாகியிருந்தது. அந்த ஏழு வருடத்தைக் கூட்டிப் போட்டவள் நான் இல்லை. தவறு என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் நின்றவள் நான்தான்.

இதில் வெட்கம் என்னவென்றால், வயதைச் சரியாகக் கேட்டு எழுதுவதுதான் என் வேலை. பதினாறு வருடமாக ஒரு பிறப்பு இறப்புக் கணக்கெடுப்பில் இருக்கிறேன். செங்கல்பட்டு மாவட்டத்தில் தேர்ந்தெடுத்த சில ஊர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை போவோம். வீடு வீடாக ஏறி, போன தடவைக்குப் பிறகு யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள் என்று கேட்போம். சாவு நடந்த வீட்டில் அதிக நேரம் உட்கார வேண்டியிருக்கும். அதற்குத் தனிப் படிவம். கடைசி மாதங்களில் காய்ச்சல் இருந்ததா, மூச்சு வாங்கியதா, காலில் வீக்கம் இருந்ததா, சிறுநீர் குறைந்ததா, பீடி, சாராயம் உண்டா. இப்படிப் பல ஊர்களிலிருந்து சேரும் விவரங்களை வைத்துத்தான் இன்று பிறக்கும் ஒரு குழந்தை சராசரியாக எத்தனை வருடம் வாழும் என்று கணக்குப் போடுகிறார்கள்.

வயதைக் கேட்டால் யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். “இன்னா, ஒரு எழுவது எழுவத்தஞ்சி இருக்கும்” என்பார்கள். அதோடு விட்டால் வேலை கெட்டுப்போகும். சுனாமி வந்தபோது அவருக்குப் பேரப்பிள்ளை பிறந்திருந்ததா, கல்யாணம் ஆனபோது கடற்கரையில் அணுமின் நிலையம் கட்ட ஆரம்பித்திருந்தார்களா, கடைசிப் பிள்ளைக்கு இப்போது என்ன வயது என்று சுற்றிச் சுற்றிக் கேட்டு, இரண்டு வருட வித்தியாசத்துக்குள் கொண்டுவந்துவிடுவேன். மற்றவர்கள் ஐம்பது, அறுபது, எழுபது என்று முழு எண்ணாக எழுதிக்கொண்டு வருவார்கள். என் படிவங்களில் ஐம்பத்து மூன்றும் அறுபத்தேழும் இருக்கும். அதற்காக மேலதிகாரி என்னைப் பாராட்டியிருக்கிறார்.

எங்கள் ஊர் சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, கால்வாயை ஒட்டி இருக்கிறது. அம்மா ஏழு பிள்ளைகள் பெற்றாள். நின்றது அக்காவும் நானும்தான். ஒன்று பிறந்த அன்றே போனது. இரண்டு பேதியில் போயின. ஒன்று தட்டம்மையில். ஒன்று ஏன் போனது என்று அம்மாவுக்கே தெரியாது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் வகுப்பு எடுக்கும்போது இதைச் சொல்வதுண்டு. அந்தக் காலத்தில் சராசரி ஆயுள் குறைவு என்றால், எல்லாரும் நாற்பதில் செத்துப்போனார்கள் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஐந்து வயதைத் தாண்டியவர்கள் பலர் அறுபது, எழுபது வரை இருந்தார்கள். தாண்டாத பிள்ளைகள்தான் சராசரியைக் கீழே இழுத்தன. பிறகு தடுப்பூசி வந்தது. பேதிக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் போதும் என்பது தெரிந்தது. பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனது. இப்போதெல்லாம் பச்சைப் பிள்ளை இறந்தது என்று நான் எழுதுவது அபூர்வம். நம் மாநிலத்தின் சராசரி எழுபதைத் தாண்டிவிட்டது. அதில் என் உழைப்பும் கொஞ்சம் இருப்பதுபோல வகுப்பில் பெருமையாகச் சொல்வேன்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவள் எட்டாவது படிக்கும்போது அப்பாவின் தோள் நெல்மூட்டை விழுந்து இறங்கிப்போனது. அப்பா பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அதற்குப் பிறகு அவரால் மண்வெட்டி தூக்க முடியவில்லை. அம்மாவோடு இன்னொரு ஆள் உப்பளத்துக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை. என்னை அனுப்பலாமா, அக்காவை அனுப்பலாமா என்ற பேச்சு வந்தது. அக்காவே முடிவு சொன்னாள்.

“அவ போவ வேணாம்மா. அவளுக்கு வெயில் ஆவாது. தலவலி வந்துடும்.”

எனக்கு வெயிலில் தலைவலி வருவது உண்மைதான். அவளுக்கும் வரும் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத் தெரிந்தது. நான் பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, செங்கல்பட்டில் வேலைக்கு வந்தேன். கல்யாணமாகி அங்கேயே தங்கிவிட்டேன். அவள் கல்யாணத்துக்குப் பிறகும், பிள்ளை பெற்ற பிறகும், புருஷன் போன பிறகும் உப்பளத்துக்கே போய்க்கொண்டிருந்தாள். முப்பது வருடத்துக்கும் மேல்.

அந்த உப்பளத்தை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கண் கூசும் வெள்ளை. நிற்க ஒரு மரம் கிடையாது. பெண்கள் ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. விடிவதற்கு முன் வீட்டை விட்டுக் கிளம்பினால் மதியம் திரும்பும்வரை அங்கே வேலை செய்யும் பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ஒருமுறை அக்காவிடம் கேட்டேன். சிரித்தாள்.

“குடிச்சா அப்பால எங்க போறது? சுத்தி ஆம்பளைங்க. நீ ஒரு தபா வந்து நின்னு பாரு, தெரியும்.”

நான் போய் நிற்கவில்லை.

மூன்று வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். அவளைப் பார்க்க மாதம் ஒருமுறை கருவாடோ முருங்கைக்காயோ எடுத்துக்கொண்டு அக்கா வருவாள். அன்று வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கால் நீட்டி உட்கார்ந்தாள். செருப்பு வார் பட்ட இடத்தில் கால் பள்ளமாக இருந்தது. கழற்றி வெகு நேரம் ஆகியும் பள்ளம் அப்படியே இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

“இன்னாக்கா, கால் வீங்கிகினு கீது?”

“நாள் முச்சூடும் நின்னுகினே கீறனே, அதான்.”

“ஒரு நாள் வா. பெரியாஸ்பத்திரில காட்டலாம்.”

“சரி, வர்றேன்.”

காலில் வீக்கம் இருந்ததா என்று எத்தனை நூறு வீடுகளில் கேட்டிருப்பேன், ‘ஆம்’ என்று எத்தனை முறை எழுதியிருப்பேன். ஆம் என்றால் அடுத்து முகத்தில் வீக்கம் உண்டா, சிறுநீர் எப்படி என்று கேட்க வேண்டும். வரிசை எனக்கு மனப்பாடம். அன்று அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எழுந்து போய்விட்டேன்.

அந்த ‘ஒரு நாள்’ வரவேயில்லை. முதலில் கணக்கெடுப்புச் சுற்று வந்தது. பிறகு என் மகனுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. பிறகு அம்மாவுக்குக் கண்புரை அறுவை. அம்மாவுக்காக நான்கு நாள் விடுப்பு எடுத்தேன். அம்மாவுக்கு ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை உண்டு. காலையும் மாலையும் நானே கையில் கொடுப்பேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை. அம்மாவின் ஆயுள் நீண்டதில் மர்மம் ஒன்றுமில்லை. செங்கல்பட்டில், பெரியாஸ்பத்திரிக்குப் பத்து நிமிட தூரத்தில், மாத்திரை எடுத்துக் கொடுக்க ஒரு மகளோடு இருக்கிறாள். அக்காவுக்கு அது எதுவும் இல்லை. நான் மட்டும் இருந்தேன், தொலைபேசியில்.

எட்டு மாதம் கழித்து அக்காவின் மகள் அவளை நேராக ஆஸ்பத்திரிக்கே அழைத்து வந்துவிட்டு எனக்கு போன் செய்தாள். சாப்பிட்டது எதுவும் நிற்கவில்லை, உடம்பெல்லாம் அரிப்பு என்றாள். அவளுக்கு இருபத்துநாலு வயது. மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. தொழிற்சாலைச் சீருடையோடே வந்திருந்தாள்.

பார்த்த டாக்டர் ஒரு இளம்பெண். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தபடியே அக்காவிடம் கேட்டார்.

“என்ன வேலைம்மா செய்றீங்க?”

“உப்பளம்மா.”

“வேலை நேரத்துல தண்ணி குடிப்பீங்களா?”

“எங்க குடிக்கறது?”

“உடம்பு வலிக்கு மாத்திரை போடுவீங்களா?”

“கடைல வாங்கிப் போடுவேன். தெனம் ஒண்ணு. ரெண்டு.”

மூன்று கேள்வி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் அக்காவிடம் முப்பது வருடத்தில் நான் சேர்த்துக் கேட்காததை அந்தப் பெண் கேட்டு முடித்துவிட்டார். இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன என்றார். காரணம் இதுதான் என்று ஒன்றைக் காட்ட முடியாது, வெயில், தண்ணீர்க் குறைவு, வலி மாத்திரை எல்லாம் சேர்ந்திருக்கும், கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பல வருடம் தள்ளிப்போட்டிருக்கலாம் என்றார். யாரையும் குறை சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். ஊரிலிருந்து செங்கல்பட்டு வர இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் நாள் முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். படுத்திருந்தவளிடம் சொன்னேன்:

“இங்கயே தங்கிக்கோயேன்க்கா.”

சொன்னேன்தான். ஆனால் சொல்லும்போது என் கண் இரண்டு அறைகளையும், மகனின் புத்தக மேசையையும், அம்மாவின் கட்டிலையும் ஒரு சுற்று சுற்றி வந்தது. எங்கே படுக்க வைப்பது என்று என் முகம் கணக்குப் போட்டது. அக்கா அதைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு என் முகம் பிறந்ததிலிருந்தே தெரியும்.

“வேணாம்மா. ஊட்டாண்ட கோழிங்க கீது, பாத்துக்க ஆள் இல்ல. பஸ்ஸுலயே வந்து போயிடறேன்.”

நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. ஐந்து மாதம் அவள் பஸ்ஸிலேயே வந்து போனாள். ஊசி குத்திய கையைத் துண்டால் மூடிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். நான் பஸ் ஏற்றிவிட்டு அலுவலகம் போவேன். இதைப் பெரிய உதவியாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலத்தில் கால்வாய் நிரம்பி ஊர்ச் சாலை மூழ்கியது. ஒரு வாரம் பஸ் வரவில்லை. இரண்டு முறை டயாலிசிஸ் தவறியது. “மூச்சு கொஞ்சம் வாங்குது, தண்ணி வடிஞ்சதும் வந்துடறேன்” என்று போனில் சொன்னாள். நான் வண்டி பிடித்துப் போயிருக்கலாம். சாலை மூழ்கியிருக்கிறது என்று அவளே சொன்னதைக் காரணமாக வைத்துக்கொண்டேன். மறுநாள் வேடந்தாங்கல் பக்கத்து ஊர் ஒன்றில் கணக்கெடுப்பு. புருஷனை இழந்த ஒரு பெண்ணிடம், “கடைசில மூச்சு வாங்குச்சா?” என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். பேட்டியின்போது போனை ஒலியில்லாமல் வைத்துவிடுவது வழக்கம். அந்த வீட்டை விட்டு வெளியே வந்து பார்த்தபோது அக்கா மகளிடமிருந்து பதினொரு அழைப்புகள் இருந்தன. ஊர்க்காரர்கள் படகில் வைத்துத் தார் ரோடுவரை கொண்டுவந்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

காரியம் எல்லாம் முடிந்து, சாவைப் பதிவு செய்ய நானும் ஊரில் இரண்டு பேரும் போனோம். அக்கா மகள் வீட்டில் படுத்திருந்தாள். அலுவலர் ஆதாரைப் பார்த்து எழுதினார். அதில் அவள் வயது தவறாக இருந்தது. எப்போதோ ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க வந்த யாரோ, வெயிலில் கறுத்து வரிவரியான முகத்தைப் பார்த்துத் தன் மனசுக்குத் தோன்றியதைப் போட்டிருக்கிறார். அதுவே ஆதாருக்கும் போயிருக்கிறது.

“வயசு அம்பத்தெட்டு. சரிதானே?” என்று அலுவலர் என்னைக் கேட்டார்.

பக்கத்தில் நின்ற ஊர்க்காரர் முந்திக்கொண்டார். “ஆமா சார், அறுவதுக்குக் கிட்டதான். இன்னா பண்றது, வயசாயிடுச்சி.”

எனக்குள் ஏதோ ஒன்று இளகியது. ஐம்பத்தெட்டு. யாரும் ஏன் என்று கேட்காத வயது. அறுபதை நெருங்கியவள், நோய் வந்தது, போனாள். ஐம்பத்தொன்று என்றால் கேட்பார்கள். கூடப் பிறந்தவர்கள் யாரும் பார்க்கவில்லையா என்று கேட்பார்கள். எனக்கு நாற்பத்தெட்டு. நான் கூந்தலுக்குச் சாயம் பூசிக்கொண்டு அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

“சரிதான் சார்” என்றேன்.

இரண்டு மாதம் கழித்துச் சான்றிதழ் நகலைக் கொடுக்க அக்கா மகளைப் பார்க்கப் போனேன். மறைமலைநகரில் மூன்று பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வாங்கிப் படித்தாள்.

“தொத்தா, ஒனக்கு இன்னா வயசு?”

“நாப்பத்தெட்டு.”

“எங்கம்மா ஒன்னவிட மூணு வயசு மூப்பு. அப்ப அம்பத்தெட்டு எப்டி வந்துச்சி?”

ஆதாரில் அப்படி இருந்தது என்றேன்.

“ஆதார்ல ஆயிரம் இருக்கும். நீதானே கூட நின்ன? ஊர் ஊரா போயி செத்தவங்க வயச கரெக்ட்டா கேட்டு எழுதறவதானே நீ? எங்கம்மாவுக்கு மட்டும் ஏன் கேக்கல?”

என்னிடம் பதில் இருந்தது. அதை அவளே சொன்னாள்.

“வயசாயி செத்துட்டான்னு ஆயிட்டா ஒனக்கு நிம்மதி. இல்ல?”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். அறையின் மற்ற பெண்கள் மெதுவாக எழுந்து வெளியே போனார்கள். “ஆமா” என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது. காலில் பள்ளம் பார்த்ததையும், என் வீட்டு அறைகளைக் கண் சுற்றியதையும், மழை நாளில் வண்டி பிடிக்காததையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை.

திரும்பும் பஸ்ஸில் இன்னொன்றும் உறைத்தது. எங்கள் ஊர் கணக்கெடுப்புக்குத் தேர்வான ஊர்களில் இல்லை. அக்காவின் சாவு என் படிவம் எதிலும் வராது. சராசரி எழுபதைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். அவள் இறந்த வயது எழுதியிருக்கிற ஒரே இடம் அந்தச் சான்றிதழ். அதையும் நான் பொய்யாக்கிவிட்டிருந்தேன்.

திருத்தம் செய்யப் பள்ளிச் சான்று வேண்டும் என்றார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியை பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார். எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குப் பிறந்த மாதம் ஜூன்தான், பள்ளியில் சேர்த்தவர் போட்டது. அக்காவுக்கும் ஜூன். ஆனால் வருடம் சரியாக இருந்தது. கடைசிக் கட்டத்தில், பள்ளியை விட்டு நின்றதற்கான காரணம் என்று ஒரு வரி. ‘குடும்ப வேலை’ என்று எழுதியிருந்தது. தலைமையாசிரியை நகல் எழுதும்வரை அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திருத்த மனுவை வாங்கிய அலுவலருக்கு என்னை நினைவிருந்தது.

“நீங்கதானே மேடம் சரின்னு சொன்னீங்க? செத்தப்பறம் ஏழு வருஷம் குறைச்சி இன்னா ஆவப்போவுது?”

“நான் தெரிஞ்சேதான் சார் தப்பா சொன்னேன்” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார்.

திருத்திய சான்றிதழ் வர ஐந்து வாரம் ஆனது. வந்த அன்று அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு கதை தெரியாது. அதையும் அன்று சொன்னேன். எழுபத்தாறு வயதில் அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, விரல்களை மடக்கி, ஒவ்வொரு பிள்ளையாக எண்ணினாள். ஆறாவது விரலை மடக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அஞ்சிக்கு நான் அழுவல. அப்ப எல்லார் வூட்லயும் அப்டிதான். இவள எப்டி வுட்ட?”

அன்றிலிருந்து மூன்று நாள் அம்மா என் கையால் மாத்திரை வாங்கவில்லை. தானே எழுந்து டப்பாவைத் திறந்து போட்டுக்கொண்டாள். நான்காம் நாள் கை நீட்டினாள். மன்னித்ததாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. சின்ன எழுத்து தெரியாமல் மாத்திரையை மாற்றிப் போட்டுவிடுவோமோ என்ற பயமாகவும் இருக்கலாம்.

சான்றிதழை அக்கா மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்தாள். உன் ரத்தத்தையும் ஒருமுறை சோதித்துவிடலாமா என்று கேட்டேன். ‘ஒரு நாள்’ என்ற சொல்லை நான் விட்டுவிட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி, நான் இங்கேயே வந்து அழைத்துப்போகிறேன் என்றேன்.

“எனக்கு இன்னா? நான் நல்லாதான் கீறேன்.”

“தெரியும். வா.”

வெள்ளிக்கிழமை போனேன். அவள் வரவில்லை, மாற்று ஷிப்ட் போட்டுவிட்டார்கள் என்றாள். அடுத்த வெள்ளியும் போனேன். அன்று வந்தாள். ஆஸ்பத்திரி வரிசையில் அருகருகே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் எண்ணை அழைத்ததும் எழுந்து, எனக்காகக் காத்திராமல் உள்ளே போனாள். கதவருகில் நின்று திரும்பிப் பார்த்து, “நீயும் வா, டாக்டர் சொல்றது எனக்குப் புரியாது” என்றாள்.